மோசடித் தடுப்பில் நுகர்வோர் பக்கம் நின்று வேலை: உள்ளே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்

#1 இரவுப்பணி

ஒரு வங்கியின் மோசடிப் புகார்ப் பிரிவில் ஆறு வருடமாக ஃபோன் எடுக்கிறேன். இரவு ஷிஃப்ட். பணம் போன பிறகு ஜனங்கள் அழைக்கிற எண் எங்களுடையது.

பாதிப் பேர் "என் சிநேகிதிக்கு இப்படி ஆகிவிட்டது, சும்மா விசாரிக்கலாம் என்று கூப்பிட்டேன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் அவசரப்படுத்த மாட்டேன். மூன்றாவது நிமிடத்தில் சிநேகிதி காணாமல் போய் "நான்" வந்துவிடும். அதற்கப்புறம்தான் தொகையைச் சொல்வார்கள்.

நான் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாகத் திரையில் வரும். அதில் ஒன்று: "இந்தப் பரிவர்த்தனையை நீங்களே அனுமதித்தீர்களா?" ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதோடு சரி. அடுத்த திரையில் "வருந்துகிறோம்" என்று தொடங்கும் பத்தி மட்டும் இருக்கும், அதை வாசித்துவிட்டு வைக்க வேண்டும். போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் திருப்பிக் கேட்டார்: "அனுமதித்தேனா என்றால் என்னம்மா அர்த்தம்? பொய் சொல்லி வாங்கினால் அதற்குப் பெயர் அனுமதியா?" என்னிடம் பதில் இல்லை. பத்தியை வாசித்தேன்.

நுகர்வோர் அமைப்புகளில் மோசடித் தடுப்பு, தொழில்நுட்பக் கொள்கை என்று சில வேலை அறிவிப்புகள் கண்ணில் படுகின்றன. எனக்கு வயது 34. சட்டம் படித்ததில்லை. அங்கே போனால் நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்? போவது புத்திசாலித்தனமா?

#2 சும்மா_வந்தவன்

என்ன செய்வார்கள்? "கடவு எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று வருடத்துக்கு நான்கு அறிக்கை விடுவார்கள். ஐந்தாவதாக ஒரு போஸ்டர். அதற்குச் சம்பளம் வேறு.

#3 தபால்பெட்டி

சும்மா வந்தவரே, போஸ்டரும் ஒட்டியிருக்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் அது வேலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வாஷிங்டனில் ஒரு நுகர்வோர் அமைப்பில் 27 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். நானும் ஃபோன் எடுத்துத்தான் ஆரம்பித்தேன். 1990-களின் நடுப்பகுதி. நேஷனல் கன்ஸ்யூமர்ஸ் லீக் என்று ஒரு பழைய அமைப்பு, 1899-ல் தொடங்கியது. அவர்கள் 1992-ல் மோசடிப் புகார்களுக்கென்றே ஒரு மையம் திறந்தார்கள். ஏமாந்தவர் ஃபோனில் சொல்லலாம், சொன்னது சட்ட அமலாக்கத் துறைகளுக்குப் போகும். நான் இருந்த சிறிய அமைப்பும் ஏறக்குறைய அதே பாணியில் ஒரு மேஜை போட்டது. அந்த மேஜைதான் நான்.

அப்போது கொடிகட்டிப் பறந்தது "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, வரியை மட்டும் முன்கூட்டியே கட்டிவிடுங்கள்" வகை. எங்கள் புகார்ப் படிவத்தில் நான்கு கட்டம்: யார் பேசினார், என்ன சொன்னார், எவ்வளவு போயிற்று, எப்படிக் கட்டினீர்கள். இரண்டாவது கட்டத்தைத்தான் நான் விழுந்து விழுந்து எழுதுவேன். கதை சுவாரசியமாக இருக்குமே! கார், கப்பல் பயணம், செத்துப்போன கோடீஸ்வரர். ஆறு மாதம் கழித்து என் மேலாளர் படிவங்களைப் புரட்டிவிட்டு, "கதையை இரண்டு வரியில் முடி. நான்காவது கட்டத்தை ஏன் பாதி நாள் காலியாக விடுகிறாய்?" என்று கேட்டார்.

அவர் சொன்னது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. கதை வாரத்துக்கு வாரம் மாறும். பணம் போகிற வழி அப்படி மாறாது, அதில் வருடக்கணக்கில் ஒரே தடம்தான். கடன் அட்டையில் கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பியது, ஏனென்றால் 1974-ல் வந்த சட்டப்படி பில்லில் தகராறு எழுப்பலாம், அது தீரும்வரை அந்தத் தொகையைக் கட்டாமல் இருக்கலாம். இது மோசடிக்காரனுக்கும் தெரியும். அதனால் "அட்டை வேண்டாம், உங்கள் செக்கின் அடியில் இருக்கிற எண்ணை மட்டும் படியுங்கள்" என்பான். அதை வைத்து அவனே ஒரு செக் அச்சடிப்பான். அப்படி ஒன்றின் நகலைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் "கணக்குதாரரால் அங்கீகரிக்கப்பட்டது" என்று டைப் அடித்திருந்தது. கையெழுத்தே கிடையாது. வங்கி அதற்குப் பணம் கொடுத்திருந்தது!

எங்களைப் போன்ற அமைப்புகள் இதை முறையிட்டு முறையிட்டு, 2015 கடைசியில்தான் எஃப்டிசி, அதாவது ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அமெரிக்க அரசு வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பு, தொலைபேசி விற்பனையில் இந்தக் கையெழுத்தில்லா செக்கையும் ரொக்கமாகப் பணம் அனுப்புவதையும் தடை செய்தது. நான் முதல் நகலைப் பார்த்து ஏறக்குறைய இருபது வருடம்.

இரவுப்பணி, நாள் முழுக்க என்ன செய்வோம் என்று கேட்டீர்கள். நான்காவது கட்டத்தை நிரப்புவோம். நிரப்பியதைத் தூக்கிக்கொண்டு அதிகாரிகளிடம் அலைவோம்.

#4 எண்_ஒன்பது

பணப் பரிமாற்ற மென்பொருள் எழுதுகிறவன் நான். மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

செக்கை அடைத்தீர்கள், பணம் அனுப்பும் கடைக்குப் போனான். கடையை அடைத்தீர்கள், கிஃப்ட் கார்டுக்கு வந்தான். இப்போது கிரிப்டோ. பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் பிதுங்குகிறது, அவ்வளவுதான். "போன பணத்தை வங்கியே கொடுக்க வேண்டும்" என்று விதி போட்டால் ஜனங்களுக்கு ஜாக்கிரதை எதற்கு? ஏமாந்ததாக நடித்துப் பணம் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கான செலவு ஒழுங்காக இருக்கிற வாடிக்கையாளர் தலையில்தானே விழும்?

#5 மூடுபனி

இங்கிலாந்திலிருந்து. எண் ஒன்பது கேட்ட கேள்வியைத்தான் இந்த ஊர் வங்கிகள் எட்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கதையைச் சொல்கிறேன், இந்த வேலையின் நீளம் தெரியும்.

இங்கே 2008 முதல் கணக்கிலிருந்து கணக்குக்குச் சில நொடிகளில் பணம் போகும். போனது போனதுதான். அனுப்பும்போது பெறுபவர் பெயரைத் தட்டச்சு செய்வீர்கள். ஆனால் அப்போதெல்லாம் கணினி அந்தப் பெயரைச் சரிபார்க்காது, எண்களை மட்டும்தான் பார்க்கும். "வருமான வரி அலுவலகம்" என்று போட்டு எவனோ ஒருவன் கணக்குக்கு அனுப்பினாலும் சத்தமில்லாமல் போய்விடும். அந்தப் பெட்டி எதற்கு இருந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

இந்த நாட்டுச் சட்டத்தில் 'சூப்பர் புகார்' என்று ஒன்று உண்டு. அரசு பட்டியலிட்டிருக்கும் நுகர்வோர் அமைப்பு அதைக் கொடுத்தால் ஒழுங்குமுறை அமைப்பு 90 நாளுக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும். 2016 செப்டம்பரில் 'விச்?' என்ற நுகர்வோர் அமைப்பு இதைப் பயன்படுத்தியது. மக்கள் தாமே அனுப்பிய பணமாக இருந்தாலும், ஏமாற்றப்பட்டு அனுப்பியிருந்தால் அதில் வங்கிகளுக்கும் பொறுப்பு வேண்டும் என்பது புகார். டிசம்பரில் பதில் வந்தது: பிரச்சினை இருக்கிறது, ஆனால் வங்கிகளைப் பொறுப்பாக்க இப்போது போதுமான ஆதாரம் இல்லை.

தோல்விதான் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அதற்கப்புறம் வங்கிகள் இந்த மோசடிகளின் எண்ணிக்கையைச் சேகரித்து வெளியிட ஆரம்பித்தன. எண்ணிக்கை வெளியே வந்ததும் "ஆதாரம் இல்லை" என்ற பேச்சு நின்றது. 2019-ல் வங்கிகள் விரும்பினால் சேரலாம் என்று ஒரு விதித்தொகுப்பு. 2020-ல் பெயர்ச் சரிபார்ப்பு. கடைசியில் 2024 அக்டோபர் 7 முதல் கட்டாயம்: போன பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும், சாதாரணமாக ஐந்து வேலை நாளில்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஷரத்து, அந்தச் செலவில் பாதி அனுப்பிய வங்கிக்கு, பாதி பெற்ற வங்கிக்கு. அதுவரை மோசடிக்காரனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கி கட்டியது மிகவும் சொற்பம். இப்போது கட்ட வேண்டும். யாருக்குக் கணக்குத் திறக்கிறோம் என்று பார்ப்பதில் அவர்களுக்குத் திடீரென்று ஆர்வம் வந்துவிட்டது.

#6 எண்_ஒன்பது

முதலில் 4,15,000 பவுண்டு என்று அறிவித்துவிட்டு, அமலுக்கு வருவதற்குச் சற்று முன்னால் 85,000 என்று குறைத்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? சந்தேகம் வந்தால் பணத்தைக் கூடுதலாக 72 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம் என்ற அதிகாரமும் அதே மாதம் வங்கிகளுக்குக் கிடைத்தது. வீடு வாங்கும் நாளில் உங்கள் பணம் அப்படி நின்றால் தெரியும்.

ஆனாலும், பெற்ற வங்கிக்குப் பாதி என்பது நல்ல யோசனைதான். ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

#7 மூடுபனி

குறைத்தது உண்மைதான், வேண்டுமென்றே மறைக்கவில்லை. ஜாக்கிரதை பற்றி: கடும் அலட்சியம் என்று வங்கி நிரூபித்தால் கொடுக்க வேண்டியதில்லை. 100 பவுண்டு வரை பிடித்துக்கொள்ளவும் செய்யலாம். நிரூபிக்கிற பாரம் வங்கிக்கு என்பதுதான் மாற்றம்.

#8 சட்டக்குறிப்பு

முதல் பதிவில் அந்த ஆசிரியர் கேட்ட கேள்விக்கு வருகிறேன், இதுவரை யாரும் தொடவில்லை.

அமெரிக்காவில் மின்னணுப் பணப் பரிமாற்றச் சட்டம் 1978-ல் வந்தது. தொலைந்த அட்டை, திருடிய ரகசிய எண் இவற்றை மனதில் வைத்து எழுதியது. தெரிந்த இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் 50 டாலருக்கு மேல் போகாது, அதற்கு மேல் தாமதித்தால் 500 டாலர் வரை, ஸ்டேட்மென்ட் வந்து 60 நாள் தாண்டினால் அதற்கப்புறம் போவது முழுக்க உங்கள் பாடு. அந்தக் காலத்துக்கு நல்ல சட்டம். ஆனால் இதெல்லாம் "அனுமதியற்ற" பரிமாற்றத்துக்கு மட்டும். அதாவது வேறொருவர் உங்கள் பெயரில் அனுப்பியிருக்க வேண்டும். உங்களை ஏமாற்றி உங்கள் விரலாலேயே அனுப்ப வைத்தால் அந்தப் பாதுகாப்புக்குள் வராது.

2021-ல் அங்கே அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு ஒரு விளக்கம் கொடுத்தது: ஏமாற்றி ரகசிய எண்ணை வாங்கி, அதை வைத்து மோசடிக்காரன் அனுப்பினால் அது அனுமதியற்றதுதான். நீங்களாகச் சொன்னீர்கள் என்பதை வைத்து வங்கி கைகழுவ முடியாது. ஆக ஒரே மோசடி, ஒரே தொகை. கடைசிப் பொத்தானை அழுத்தியது யார் விரல் என்பதில் பணம் திரும்புவதும் திரும்பாததும் இருக்கிறது. மோசடிக்காரன் இதையும் படித்திருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கொள்கை வேலை என்பது பெரும்பாலும் இப்படி ஒரு சொல்லோடு மல்லுக்கட்டுவதுதான். தொலைபேசி விற்பனை விதியில் மோசடிக்கு உதவியவரைப் பிடிக்க, அவர் "அறிந்தே" உதவினார் என்று மட்டும் இருந்திருந்தால் ஒருவரையும் பிடிக்க முடியாது. "அறிந்தே, அல்லது அறிந்துகொள்வதை வேண்டுமென்றே தவிர்த்து" என்று இருக்கிறது. அந்த இரண்டாவது பாதிதான் வேலை செய்கிறது.

#9 தபால்பெட்டி

சட்டக்குறிப்பு சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. அந்தக் "கண்ணை மூடிக்கொள்வது" எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் வெஸ்டர்ன் யூனியன் வழக்கு. சில முகவர் கடைகள் வழியாக மோசடிப் பணம் திரும்பத் திரும்பப் போவது தெரிந்தும் அந்தக் கடைகளை நிறுவனம் முறையாகக் கட்டுப்படுத்தவில்லை என்பது குற்றச்சாட்டு. 2017 ஜனவரியில் 58.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்திலிருந்து ஏமாந்தவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. எண் ஒன்பதின் பலூன் பிதுங்கத்தான் செய்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் காற்றும் கொஞ்சம் இறங்குகிறது என்பது என் கட்சி.

தொழில்நுட்பம் என்றால் பணப் பரிமாற்றம் மட்டுமில்லை. சாய்ஸ்பாயின்ட் என்ற தகவல் வியாபார நிறுவனத்திடம், வியாபாரிகள் என்ற வேஷத்தில் வந்த திருடர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வாங்கிப் போனது 2005-ல் அம்பலமாயிற்று. கணினியை உடைக்கவே இல்லை. வாடிக்கையாளராகப் பதிவு செய்து, காசு கொடுத்து வாங்கினார்கள்! அது வெளியே தெரிந்ததற்குக் காரணம், கலிஃபோர்னியாவில் மட்டும் 2003 முதல் 'தகவல் கசிந்தால் சொல்ல வேண்டும்' என்ற சட்டம் இருந்தது. முதலில் அந்த மாநிலத்தில் சுமார் 35,000 பேருக்கு மட்டும் கடிதம் போனது. "மற்ற மாநிலத்துக்காரர்களைத் திருடர்கள் தொடவில்லையா?" என்று எல்லாரும் கத்திய பிறகு எண்ணிக்கை 1,63,000 ஆயிற்று. அதற்கப்புறம் மாநிலம் மாநிலமாக அந்தச் சட்டம் பரவியது. சில வருடம் எனக்கு அதுவே முழுநேர வேலை.

சட்டசபைக் கமிட்டி முன் சாட்சி சொல்வதைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஐந்து நிமிடம். மேஜையில் ஒரு சிறிய விளக்குப் பெட்டி: பச்சை, மஞ்சள், சிவப்பு. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய இருபது பக்கத்தை அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடிக்க வேண்டும். முதல் தடவை நான் இரண்டாவது பக்கத்தில் இருக்கும்போதே சிவப்பு வந்துவிட்டது. அடுத்த தடவையிலிருந்து ஒரே ஒரு மனிதருக்கு நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு, நான்காவது கட்டத்தின் எண்ணிக்கையைச் சொல்லி முடித்துவிடுவேன்.

#10 இரவுப்பணி

தபால்பெட்டி அம்மா, வெற்றியாகவே சொல்கிறீர்களே. தோற்றதையும் சொல்லுங்கள். அப்புறம் சம்பளம்?

#11 தபால்பெட்டி

தோற்றதற்கா பஞ்சம்.

2003-ல் 'அழைக்காதே' பட்டியல் வந்தது. பதிவு செய்த எண்ணுக்கு விற்பனை அழைப்பு கூடாது. முதல் சில நாளிலேயே ஒரு கோடி எண்கள் பதிவாயின. செப்டம்பரில் ஒரு நீதிபதி, எஃப்டிசிக்கு இதைச் செய்ய அதிகாரமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு வெளியே வந்த மறுநாளே நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் அதிகாரம் கொடுத்துச் சட்டம் நிறைவேற்றின: 412-க்கு 8, 95-க்கு 0. என் வாழ்நாளில் அவ்வளவு வேகத்தை அந்தக் கட்டடத்தில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அன்று சாயந்திரம் அலுவலகத்தில் எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

பத்து வருடத்தில் ஃபோன் மறுபடி ஓயாமல் அடித்தது. இணையம் வழி அழைப்பு மலிவாகிவிட்டது, அழைக்கிற எண்ணையும் போலியாகக் காட்டலாம். யோக்கியமான வியாபாரி பட்டியலைப் பார்த்து ஒதுங்கினான், திருடனுக்குப் பட்டியலாவது ஒன்றாவது! எண் உண்மையானதா என்று தொலைபேசி நிறுவனங்களே சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் வர 2019 கடைசி ஆயிற்று, பெரிய நிறுவனங்களுக்கு 2021 ஜூன் கெடு. இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அதே 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, எஃப்டிசி இத்தனை வருடம் எந்தப் பிரிவை வைத்து ஏமாந்தவர்களுக்குப் பணம் மீட்டுக் கொடுத்ததோ அந்தப் பிரிவு அதற்கு இடம் தரவில்லை என்று சொல்லிவிட்டது. அன்று ஐஸ்கிரீம் இல்லை.

சம்பளம்: வக்கீல் நண்பர்கள் வாங்குவதில் பாதிக்கும் கீழே. மாதக் கடைசியில் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

#12 மறுகரை

நான் ஒரு நுகர்வோர் அமைப்பில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, நிறுவனம் ஒன்றின் மோசடித் தடுப்புக் குழுவுக்குப் போனவன். விற்றுவிட்டான் என்பவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். அமைப்பில் இருந்தபோது ஒரு எச்சரிக்கை வாசகத்தை மாற்றச் சொல்லி நான்கு வருடம் கடிதம் எழுதினேன். உள்ளே போய் இரண்டு மாதத்தில் மாற்றிவிட்டேன். ஆனால் உள்ளே போன பிறகு "பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று ஒருமுறைகூட என்னால் வெளிப்படையாகச் சொல்ல முடிந்ததில்லை. இரண்டும் உண்மை.

இரவுப்பணி, சேருவதற்கு முன்னால் அமைப்புக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். உறுப்பினர் சந்தா, அறக்கட்டளை நிதி, கூட்டு வழக்குகளில் பங்கு போட முடியாமல் மீந்த பணத்தை நீதிமன்றம் ஒதுக்குவது, நிறுவனங்கள் தருவது. கடைசி வகை எவ்வளவு என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

#13 தபால்பெட்டி

மறுகரை சொல்வது சரி. நாங்களும் ஒருமுறை ஒரு நிறுவனத்தின் காசில் துண்டுப் பிரசுரம் போட்டோம். முதியவர்களுக்கான எச்சரிக்கை. எட்டுப் பக்கம், அழகான படங்கள். அச்சாகி வந்த பிறகு படித்துப் பார்க்கிறேன்: சந்தேகப்படுங்கள், ஃபோனை வையுங்கள், மகனிடம் கேளுங்கள், எல்லாம் இருக்கிறது. "பணம் போய்விட்டால் நிறுவனத்திடம் இப்படிக் கேளுங்கள்" என்ற பத்தியைக் காணோம். நான் எழுதிக் கொடுத்திருந்தேன். யார் எடுத்தார்கள் என்று கேட்டால் இடம் போதவில்லை என்றார்கள். பின் அட்டை முழுக்க அவர்கள் சின்னம்.

#14 சும்மா_வந்தவன்

போஸ்டர் கிண்டலை வாபஸ் வாங்குகிறேன். அம்மா வீட்டு ஃபிரிட்ஜில் அப்படி ஒரு பிரசுரம் ஒட்டியிருக்கிறது. போய்ப் பார்த்தேன். இதிலும் அந்தப் பத்தி இல்லை.

#15 இரவுப்பணி

எல்லாருக்கும் நன்றி. விண்ணப்பம் போடலாம் என்று இருக்கிறேன். ஒரு சந்தேகம். எங்கள் திரையில் "எப்படிக் கட்டினீர்கள்" இருக்கிறது, ஆனால் பணம் எந்த வங்கிக்குப் போனது என்ற கட்டம் இல்லை. வாடிக்கையாளர்கள் தாங்களாகவே சொல்வார்கள், குறிப்புப் பகுதியில் அடிப்பேன். அதை யாரும் படிப்பதில்லை. ஆறு வருடக் குறிப்பு கிடக்கிறது. வேலைக்குப் போகும்போது அது உதவுமா?

#16 சட்டக்குறிப்பு

ஒரு வரியைக்கூட வெளியே எடுத்து வராதீர்கள். அது வாடிக்கையாளர் தகவல், வங்கியின் சொத்து. வேலையும் போகும், வழக்கும் வரும்.

#17 தபால்பெட்டி

ஆமாம், எடுத்து வராதீர்கள், நீங்கள் இப்போது வாடிக்கையாளர் விவரத்தைக் காப்பவர். ஆனால் அங்கே இருக்கும்வரை ஒன்று செய்யலாம். பெற்ற வங்கிக்கு ஒரு தனிக் கட்டம் வேண்டும் என்று மேலாளருக்கு எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலில், தேதியோடு. அவர்கள் மறுத்தால் ஏன் என்பதையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

#18 இரவுப்பணி

அனுப்பிவிட்டேன். இன்றைய ஷிஃப்ட் தொடங்க இருபது நிமிடம் இருக்கிறது. பதில் வந்தால் வந்து சொல்கிறேன்.